பெண் வீட்டார் பார்க்க வந்த ஆஸ்பத்திரி

அன்று காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது எட்டுக் கட்டிலிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மொத்தமே எட்டுக் கட்டில்தான். இரண்டில் ஆள் இருந்தாலே அது கூட்டமான நாள். முந்தின மாலை நான் கிளம்பும்போது ஒன்றில்கூட யாரும் இல்லை. ஒரே ராத்திரியில் எட்டுப் பேர் என்றால் எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றுவது வாந்திபேதிதான். கைப்பையைக்கூட மேஜையில் வைக்காமல் முதல் கட்டிலுக்கு ஓடினேன்.

அதில் இருந்தவர் மருதமுத்து. ஓய்வு பெற்ற தபால்காரர். படிய வாரிய தலை, நெற்றி நிறைய விபூதி, சலவை வேட்டி. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"என்னங்க செய்யுது?"

"ஒண்ணும் செய்யலீங்க டாக்டரம்மா. நல்லா இருக்கேன்."

நாடி பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தார். அடுத்த கட்டிலில் ஓர் அம்மாள், தலை கொள்ளாத முல்லைப்பூவோடு ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"உங்களுக்கு?"

"எனக்கும் ஒண்ணுமில்லம்மா. நீங்க காபி குடிச்சீங்களா?"

மூன்றாவது கட்டிலின் தலைமாட்டில் சலைன் பாட்டில் தொங்கியது. குழாயைத் தொடர்ந்து போனேன். அது கையில் போய் முடியவில்லை, தலையணைக்கு அடியில் போய் முடிந்தது.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்கு இரண்டு காதும் கொதித்தன. ஜெபமாலை சிஸ்டரைத் தேடிப் போனேன். அவர் என்னைவிட இருபது வயது பெரியவர், அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் வந்துபோன அத்தனை டாக்டர்களையும் பார்த்தவர். ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார்.

"கோவப்படாதீங்க டாக்டர். நம்ம இளங்கோவுக்கு இன்னைக்குப் பொண்ணு வீட்டுலேருந்து பார்க்க வர்றாங்க."

"அதுக்கு?"

"முதல்ல ஆஸ்பத்திரியைத்தானே பார்ப்பாங்க."

சின்ன ஆஸ்பத்திரி எது?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் முதல் வேலை உத்தரவு வந்த நாளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு அத்தா மன்னார்குடியிலிருந்து போன் செய்தார். "நம்ம குடைக்கடையைப் பத்தி எழுதினது சரி. உத்தரவு வந்துச்சுன்னு எழுதினியே, எங்க போனேன்னு எழுத வேணாமா?" என்றார். எழுதத்தான் போகிறேன் அத்தா.

கொள்ளிடம் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போனபின் மனம் மாறி மறுபடி ஒன்றாகச் சேரும். நடுவில் கிடக்கிற நிலம்தான் நடுத்திட்டு. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்துவிடும், பரவாயில்லை.

வருஷத்தில் பல மாதம் இரண்டு பக்கமும் வெறும் மணல். தரைப்பாலத்தின் மேல் என் ஸ்கூட்டரில் போய் வருவேன். மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டால் பாலம் மூழ்கிவிடும். அதற்குப் பிறகு படகுதான். காவிரியில் தண்ணீர் வந்தால் தஞ்சாவூர் ஜில்லாவே பூத்தூவிக் கும்பிடும். கொள்ளிடத்தில் வந்தால் திட்டுக்காரர்கள் மட்டும் வானத்தையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

இக்கரையிலும் அக்கரையிலும் கண்ணுக்கெட்டும் தூரம் நெல். திட்டில் நெல் கிடையாது. மணல் கலந்த வண்டல். முல்லையும் கத்தரியும் வாழையும்தான். ஊர் நடுவில் ஒரு மேடு. எந்த வெள்ளத்திலும் அந்த மேடு மூழ்கியதில்லை. அதன்மேல் ஆஸ்பத்திரி. மூலவர் இருக்க வேண்டிய இடத்தில் எங்களை வைத்திருந்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அதைப் 'பெரியாஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில் மருதமுத்துவிடம் கேட்டேன், "அப்ப சின்ன ஆஸ்பத்திரி எங்க இருக்கு?"

"தஞ்சாவூர்ல இருக்கே, அதாம்மா" என்றார், சிரிக்காமல்.

நோய் இல்லாதவர்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள். விடியற்காலையில் பெண்கள் பறித்த மொட்டோடு வந்து, குழந்தைகளை எடை பார்க்கும் மெஷினில் பூவை நிறுத்துக்கொண்டு போவார்கள். நான் முதல் வாரம் சத்தம் போட்டேன். அடுத்த வாரம் மெஷினில் ஒரு துண்டை விரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். போனில் சிக்னல் கிடைப்பது பின்பக்கப் படிக்கட்டில் மட்டும் என்பதால், துபாயில் இருக்கும் பிள்ளைகளோடு அழுவதும் சிரிப்பதும் அங்கேதான். ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத அண்ணன் தம்பி, எங்கள் வெளிநோயாளிகள் பெஞ்சில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து போவார்கள்.

இப்போதும் எங்காவது பினாயில் வாசனை வந்தால் கூடவே முல்லை வாசனையும் வருமென்று மூக்கு காத்திருக்கிறது. வருவதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. குணமாகிப் போகிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ராத்திரியெல்லாம் கூட இருந்து பார்த்திருப்பேன். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவார்கள். ஜெபமாலை சிஸ்டர்தான் சொன்னார்: "ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு யாராவது போயிட்டு வரேன்னு சொல்லுவாங்களா டாக்டர்? திரும்ப வரணும்னா?" எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். வெள்ளைக் கோட்டு போட்டதும் மறந்திருந்தது.

பெண் கொடுக்காத கரை

இளங்கோவின் கல்யாணத்துக்கும் எட்டுக் கட்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதற்கு இந்த ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னால் போக வேண்டும்.

அக்கரையிலிருந்து திட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண். தலைப்பிரசவம். ஐப்பசி வெள்ளம். ஓடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அவளைப் பெற்றவர்கள் கரையில் நின்று ஓடம் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நடு ஆற்றில் ஓடத்தில் இருந்தவர்கள் துடுப்பு போடுவதை நிறுத்திவிட்டார்களாம். கரையில் இருந்தவர்களுக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

நான் பார்க்காத அந்த ஓடம் எனக்குப் பல தடவை கனவில் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் கரையில்தான் நிற்கிறேன், கையில் என்னென்னவோ மருந்து இருக்கிறது, தண்ணீர் முழங்காலுக்கு மேல் போக விடுவதில்லை. எழுந்து உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அக்கரை ஊர்கள் திட்டுக்குப் பெண் கொடுப்பதை நிறுத்திக்கொண்டன. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி கட்டி டாக்டர் வந்து உட்கார்ந்த பிறகுதான் வெளியூர்ப் பெண் ஒருத்தி மறுபடி அந்தத் தரைப்பாலத்தின் மேல் மாலையோடு வந்தாளாம்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் மேட்டின்மேல் ஏறி ஆஸ்பத்திரியைப் பார்ப்பார்கள். கட்டில், ஆக்சிஜன், பிரசவ அறை, டாக்டர். நால்வரும் நலமென்றால் பிறகு கீழே இறங்கி மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். அப்படி வருகிற நாட்களில் நான் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு, வெளியே எங்கும் போகாமல், நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதே சமயத்தில் மன்னார்குடியில் எங்கள் வீட்டுக்கும் என்னைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு பார்வை, திங்கட்கிழமை இங்கே ஒரு பார்வை. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், மேலிருந்து கீழே.

இளங்கோ முப்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தான். முல்லைத் தோட்டம் வைத்திருந்தான். ஊருக்கென்று இருந்த மோட்டார் படகை வெள்ளக்காலத்தில் அவன்தான் ஓட்டுவான். நல்ல பையன். அவன் அம்மா பவுனம்மா, கணவர் போனபின் ஒற்றைப் பிள்ளையோடு நிற்கிறவர். 'இவனை ஒருத்தி கையில ஒப்படைச்சுட்டேன்னா போதும்' என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சே கிடையாது. ரத்த அழுத்தம் பார்க்க வருவார். நான் பட்டையைக் கையில் சுற்றும்போதே ஆரம்பிப்பார். அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

அதற்கு முந்தின சம்பந்தம் காலிக் கட்டில்களைப் பார்த்துத்தான் தட்டிப்போனது. "ஈ ஓட்டுற ஆஸ்பத்திரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பவுனம்மா யோசித்தார். இந்தத் தடவை கட்டிலை நிரப்பிவிடுவது என்று தீர்மானித்தார். ஊரும் ஒத்துக்கொண்டது.

எழுந்து நின்ற நோயாளிகள்

அந்த எட்டுப் பேரையும் எழுப்பி வெளியே அனுப்ப நான் வாயைத் திறப்பதற்குள் வேன் வந்து நின்றுவிட்டது.

பெண்ணின் அப்பா தியாகராஜன், பாபநாசம் பக்கத்து ஊரில் தலைமை ஆசிரியராக இருந்தவர். மெலிந்த மனிதர், மெல்லப் பேசுகிறவர். கூட அவருடைய அண்ணன், இரண்டு பெண்கள், தரகர்.

அவர்கள் வார்டு வாசலில் கால் வைத்தார்கள். மருதமுத்துவுக்கு அதுவரை எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் வீடு தேடி விருந்தாளி வந்து நிற்கும்போது படுத்தே கிடக்க திட்டுக்காரர்களுக்கு உடம்பு வளையாது. போர்வையை உதறி எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க, வாங்க. எல்லாரும் வாங்க."

அதைப் பார்த்து மற்ற ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். "வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று முல்லைப்பூ அம்மாள் தன் கட்டிலைத் துடைத்து உட்காரச் சொன்னார். சலைன் பாட்டில்காரர் இளநீர் வெட்டிக்கொண்டு வரப் புறப்பட்டேவிட்டார்.

தியாகராஜனின் அண்ணன் பதறிப்போய், "உடம்பு முடியாதவங்க எழுந்திருக்காதீங்க, படுங்க, படுங்க" என்றார்.

"எங்களுக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்கோம். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார் மருதமுத்து.

எனக்குச் சிரிப்பை அடக்கி வயிற்றில் வலியே வந்துவிட்டது. ஆனால் தியாகராஜன் சிரிக்கவில்லை. காலியாகத் தொங்கிய சலைன் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை மட்டும் கூப்பிவிட்டு வெளியே நடந்தார்.

பவுனம்மா வீட்டில் காபிகூடக் குடித்தார்களாம். "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்பது தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது.

சாயங்காலம் பவுனம்மா ஆஸ்பத்திரிப் படியில் வந்து உட்கார்ந்தார். அழுதால் தேவலை. அழவில்லை. முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு போட்டோவை அவன் இன்னும் வச்சிருக்கான் டாக்டரம்மா. போன்ல ரெண்டு தடவை பேசினாங்களாம். நான்தான் கெடுத்தேன்."

அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். பார்த்த அளவை அவரிடம் சொல்லவில்லை.

தொண்டை வலி

ஆடி மாதத்தில் பெண் பார்க்கிற பேச்சே கிடையாது. அதனால் அந்த மாதம் யாரும் யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம், சுடிதார் போட்ட ஒரு பெண் தனியாக ஸ்கூட்டரில் வந்து வரிசையில் நின்றாள். முப்பது வயதுக்குப் பக்கம் இருக்கலாம்.

"தொண்டை வலி டாக்டர்."

டார்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டை நன்றாக இருந்தது. மாத்திரை எதுவும் வேண்டாம், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள் என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"லேபர் ரூம் பார்க்கலாமா?"

தொண்டை வலிக்காரிக்கு லேபர் ரூம் எதற்கு? ஜெபமாலை சிஸ்டர் என் பின்னால் நின்றபடி மூச்சை இழுத்தது கேட்டது. அவருக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது.

"நீங்க தியாகராஜன் சார் பொண்ணா?" என்றேன்.

அவள் வெட்கப்படவில்லை. "கயல்விழி. ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். அப்பா பார்த்துட்டு வந்து வேணாம்னுட்டாங்க. வாழப்போறவ நான்தானே, நானும் ஒரு தடவை பார்த்துடலாம்னு வந்தேன். அப்பாவுக்குத் தெரியாது."

பிரசவ அறையைக் காட்டினேன். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். வெள்ளத்தில் ரத்தம் தேவைப்பட்டால் எப்படி வரும் என்று கேட்டாள். அந்த ஓடத்தின் கதையை அவளும் கேட்டு வளர்ந்தவள் என்பது கேள்விகளிலேயே தெரிந்தது. கடைசியில் என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"நீங்க இங்க இருப்பீங்களா டாக்டர்? எத்தனை வருஷம் இருப்பீங்க?"

எனக்குச் சென்னையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இன்னும் சில வாரத்தில் கிளம்ப வேண்டும். ஊரில் ஜெபமாலை சிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். அவர் கயல்விழியின் தோளுக்குப் பின்னால் நின்று, கண்ணாலும் தலையாலும் என்னிடம் மன்றாடினார். பவுனம்மாவின் சுருட்டிய முந்தானை என் கண் முன்னால் வந்தது. ஒரு வார்த்தை. 'இருப்பேன்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் இதே அறையில், ஏதோ ஓர் ஐப்பசியில், என் வார்த்தையை நம்பி இந்தப் பெண் படுத்திருப்பாளே என்று தோன்றியது. தொண்டை எனக்குத்தான் வலித்தது.

"இல்லம்மா. நான் இருக்க மாட்டேன். அடுத்த மாசம் போறேன். வேற டாக்டர் போடுவாங்க. எப்ப போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

கயல்விழி தலையை ஆட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். அவள் வெளியே போனதும் ஜெபமாலை சிஸ்டர், "வாயில ஒரு வார்த்தையை மாத்திச் சொல்லியிருந்தா என்ன டாக்டர் குறைஞ்சு போயிருக்கும்?" என்றார்.

பாலம் போன மாலை

போன வேகத்தில் கயல்விழி திரும்பி வந்தாள். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பாலத்து மேல தண்ணி ஏறிடுச்சு டாக்டர்."

தண்ணீர் திறந்த செய்தி காலையிலேயே எல்லார் போனிலும் வந்திருந்தது. நடுராத்திரிதான் வரும் என்று நினைத்திருந்தோம். அது முன்கூட்டியே வந்துவிட்டது. மேட்டின் மேலிருந்து பார்த்தோம். மணலாகக் கிடந்த இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தால், ஆறு நிற்கிறது, ஆஸ்பத்திரிதான் மேற்கே பார்த்து மிதந்து போகிறது என்று தோன்றும்.

படகுக்கு இளங்கோவிடம் ஆள் அனுப்பினோம். பதில் வந்தது: "ஏறுற தண்ணியில, வெளிச்சம் போற நேரத்துல யாரையும் ஏத்த மாட்டேன். அவங்களா இருந்தாலும்தான். விடிஞ்சதும் கொண்டுபோய் விடுறேன்." யார் வந்திருக்கிறார்கள் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

தியாகராஜனுக்குப் போன் செய்தோம். மகள் பேசப் பயந்து போனை என் கையில் திணித்தாள்.

"சார், உங்க பொண்ணு நல்லா இருக்காங்க. ஆஸ்பத்திரியில இருக்காங்க."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார்.

"நடுத்திட்டு."

"சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் இப்போது ஊரின் கவலையாகவும் இருந்தது. வேண்டாமென்று சொல்லிவிட்ட வீட்டுப் பெண். பவுனம்மா வீட்டுக்குக் கூப்பிட முடியாது. ஆஸ்பத்திரிக்கு அவர் வருவதும் முறையில்லை. ஆகவே விளக்கு வைக்கும் நேரத்தில் மருதமுத்து ஒரு தூக்குவாளியோடு வந்தார்.

"டாக்டரம்மாவுக்கு ரசம் கொண்டாந்தேன்" என்றார், கயல்விழியைப் பார்த்துக்கொண்டே.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க எந்தக் கட்டில்?"

மருதமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "முதல் கட்டிலும்மா."

அடுத்து முல்லைப்பூ அம்மாள், கத்தரிக்காய்க் குழம்போடு. "ரெண்டாவது" என்று அவராகவே சொல்லிவிட்டார். சலைன் பாட்டில்காரர் வாழைப்பழச் சீப்போடு வாசலிலேயே நின்று, "அந்தக் குழாய் யோசனை என்னோடது இல்லம்மா" என்றார். அப்போதுதான் கயல்விழி முதல் தடவையாகச் சிரித்தாள். எட்டுப் பேரும் வந்தார்கள். எனக்கென்று வந்த சாப்பாட்டை வைக்க என் மேஜையில் இடமில்லை. அந்தக் குழம்புகளில் எது பவுனம்மா கை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

சாப்பிட்டபின் சிக்னல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒருத்தி துபாய்க்குப் பேசிக்கொண்டிருந்தாள். கீழே இருட்டில் தண்ணீர் எங்கேயோ வாழைமரத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது.

"அப்பா வந்து சொன்னாங்க, அந்த ஊரே நடிக்குதுன்னு" என்றாள் கயல்விழி. "எனக்கு அன்னைக்கே வேற மாதிரி தோணுச்சு. போன வருஷம் எனக்கு டெங்கு வந்து கும்பகோணத்துல படுத்திருந்தேன் டாக்டர். பார்க்க வந்தவங்க மூணே பேரு. இங்க ஒருத்தர் கல்யாணத்துக்காக எட்டுப் பேர் வேலையை விட்டுட்டு வந்து படுத்திருக்காங்க. நிஜமாவே நான் படுத்தேன்னா என்ன பண்ணுவாங்கன்னு பார்க்கணும்னுதான் வந்தேன்."

"பார்த்தாச்சு இல்ல?"

"பார்த்தேன். நீங்க இருக்க மாட்டேன்னு சொன்னீங்களே, அதுதான் உறுத்துது."

அவளுடைய உறுத்தலுக்கு என்னிடம் மருந்து இல்லை.

வாசல்

விடிந்தபோது தண்ணீர் ஒரு மட்டத்துக்கு வந்து நின்றிருந்தது. எங்கும் பால் நிறத்தில் பனிபோல ஒன்று. ஆடியில் பனி ஏது, அது ஆற்றின் மூச்சு என்பார் மருதமுத்து. கயல்விழி எட்டாவது கட்டிலில் படுத்துத் தூங்கியிருந்தாள். போர்வையை மடித்து வைத்திருந்தாள். பூ நிறுக்க வந்த பெண்கள் அவளிடம் ஒரு முழம் கொடுத்தார்கள். மறுக்காமல் வைத்துக்கொண்டாள்.

இளங்கோ மேட்டுக்கு வரவில்லை. கீழே படகில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வேண்டாமென்று சொன்ன பெண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது என்று அவனுக்கு யார் சொன்னார்களோ. பவுனம்மா தூரத்தில் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றார். மறைந்து நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். மரம் அவரைவிட ஒல்லி.

ஊரில் பாதி மேட்டில் கூடியிருந்தது. வழக்கப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போகிறவளிடம் என்ன சொல்வது? நானும் சொல்லவில்லை. லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டிவிட்டேன். அவள் வாசல்படி இறங்கினாள். நாலு அடி நடந்தாள். நின்று திரும்பினாள். என்னை, சிஸ்டரை, அந்த எட்டுப் பேரை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"போயிட்டு வரேன்" என்றாள்.

ஜெபமாலை சிஸ்டர் பதறிவிட்டார். "இங்க நின்னுக்கிட்டு அப்படிச் சொல்லக் கூடாதும்மா."

"தெரியும் சிஸ்டர்" என்றாள் கயல்விழி. பிறகு படகை நோக்கி இறங்கிப் போனாள்.

மருதமுத்து தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. என் கோட்டுப் பையில் கைக்குட்டை தேடினேன், காதுக்கு வைக்கிற பஞ்சுதான் கிடைத்தது.

மோட்டார் சத்தம் கேட்டபின் பவுனம்மா மரத்தை விட்டுவிட்டு மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார்.

"என்ன டாக்டரம்மா சொல்லிச்சு? வாய் அசைஞ்சுது. எனக்குக் காதுல விழல."

"போயிட்டு வரேன்னு சொன்னாங்க."

"யாருகிட்ட?"

"எல்லார்கிட்டயும்தான்."

அவர் வாசல்படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இங்க நின்னா? ஆஸ்பத்திரி வாசல்லயா?"

"இங்கதான். இந்த இடத்துலதான்."

பவுனம்மா அப்படியே மணலில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

படகு நடு ஆற்றுக்குப் போயிருந்தது. நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் இளங்கோ, எதிர்க்கரையை மட்டுமே பார்த்துக்கொண்டு மோட்டாரைப் பிடித்திருந்தான். திட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்ட விஷயம், அந்த நேரத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது.